கல்யாணப் போட்டோவில் அப்பா அழுதது ஏன்

அன்புள்ள வைதேகிக்கு,

இங்கே எல்லோரும் க்ஷேமம், அங்கே உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும் என்று தொடங்குவதுதான் நம் குடும்பத்தின் கடித வழக்கம். என் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அப்படித்தான் கார்டு போட்டார். உன் கல்யாணம் ஆன இந்த மூன்று வருஷமும் நானும் போனில் உனக்கு அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் மட்டும் அந்த வார்த்தையை விட்டுவிடுகிறேன். நேரில் சொல்லலாம் என்றால் வாய் வராது. போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் பக்கத்துத் தெரு கூரியரில் அனுப்புகிறேன். குழந்தை கேசவன் தூங்கும்போது உட்கார்ந்து நிதானமாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். நீ பேசும்போது நான் ஒரு வரிகூடப் படிப்பதில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. கேசவன் பிறந்ததிலிருந்து உன் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கிறது, நின்றால் தெரிகிறது, படுத்தால் போய்விடுகிறது என்று சொன்னாய். பிரசவமானால் வயிறு அப்படித்தான் இருக்கும், துணியை இறுக்கிக் கட்டிக்கொள் என்றாள் அம்மா. அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

“இப்போ ஒண்ணும் இல்லைம்மா. நேத்திக்கு மட்டும் ஒரு அரை மணி உள்ளேயே போகமாட்டேன்னுது, நன்னா வலிச்சுது. படுத்துண்டேன், சரியாயிடுத்து. கேசவனோட ஆண்டு நிறைவு முடியட்டும், அப்புறம் காமிச்சுக்கறேன்.”

முடியட்டும். வைதேகி, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் ஏழு மாதம் ஓட்டினேன். அதனால்தான் உன் கல்யாணத்துக்குப் பிறகு உன்னை வழியனுப்பக்கூட நான் வரவில்லை. உனக்குச் சொன்னது வைரல் ஜுரம். நடந்தது வேறு.

உன் கல்யாணத்துக்கு ஏழு மாதம் முன்பு ஒருநாள் குளிக்கும்போது பார்த்தேன். வயிறும் தொடையும் சேரும் இடத்தில், வலது பக்கம், ஒரு வீக்கம். பெண்ணிடம் அப்பா சொல்லக்கூடிய இடம் இல்லை அது. அந்தக் கூச்சத்தில்தான் எல்லாமே ஆரம்பித்தது, அதனால் கூச்சத்தை இங்கேயே விட்டுவிட்டுச் சொல்கிறேன். தும்மினால் வெளியே வரும், மல்லாந்து படுத்தால் போய்விடும். நான் போடும் மூக்குப்பொடிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தும்மல் என்று உனக்குத் தெரியும். உத்தர வீதி முனையில் நான் தும்மினால் நம் மாடியில் அம்மா காபிக்குப் பாலை அடுப்பில் வைப்பாள் என்று நீயே கேலி செய்திருக்கிறாய். அந்தக் காலத்தில் நான் தும்மும்போதெல்லாம் ஒரு கை தானாகவே இடுப்புக்குப் போய்விடும். யாராவது பார்த்தால் வேஷ்டியைச் சரிசெய்வதுபோல் நடிப்பேன். ஆறு வருஷமாக லிஃப்ட் இல்லாத மாடிக்குக் காஸ் சிலிண்டரை நானே தூக்கிக்கொண்டு ஏறியதும் ஒரு காரணமாக இருக்கலாம். பிறவியிலேயே அந்த இடம் பலவீனமாக இருந்திருக்கலாம் என்றும் பிறகு டாக்டர் சொன்னார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக் கடையில் போய் இடுப்பு பெல்ட் கேட்டால் சாயரட்சைக்குள் நாலு வீதிக்கும் தெரிந்துவிடும். அதனால் பஸ் ஏறிச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போய், அங்கே ஒரு கடையில் வாங்கினேன். கடைக்காரர் அளவு பார்க்க வேண்டும் என்றபோது, எனக்கில்லை, என் தம்பிக்கு, அவனும் என் உடம்புதான் என்றேன். பையில் அதன்மேல் இரண்டு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதம் அம்மாவுக்கே தெரியாது. ஒருநாள் மொட்டை மாடிக் கொடியில் என் துண்டுக்கு அடியில் அது காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை. மறுநாளே என்னைப் பாலக்கரைப் பக்கம் ஒரு சர்ஜனிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் நல்ல மனிதர், அவசரப்படாமல் பேசினார். “ஐயா, தலையணை உறையில தையல் விட்டுப்போனா பஞ்சு வெளிய எட்டிப் பாக்கும் இல்லீங்களா, அதான் இது. பஞ்சை உள்ள தள்ளுறதால தையல் சேந்துக்காது,” என்றார். இதற்குப் பெயர் ஹெர்னியா, தமிழில் குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் தசை விட்டுக்கொடுத்த இடத்தில் உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ பிதுங்கி வருகிறது. பெரியவர்களுக்கு இது மாத்திரையாலோ உடற்பயிற்சியாலோ ஆறாது. பெல்ட் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான், ஓட்டையை மூடாது. வழி இரண்டு என்றார். இடுப்புப் பக்கம் நாலு விரல் நீளத்துக்குக் கீறி, பிதுங்கியதை உள்ளே வைத்து, பலவீனமான இடத்தின்மேல் மெல்லிய வலை ஒன்றை வைத்துத் தைப்பது ஒன்று. அதற்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டால் போதும். மூன்று சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, வலையை உட்புறமாக வைப்பது இன்னொன்று. அதற்கு முழு மயக்கம் வேண்டும். எது யாருக்கு என்பதை வீக்கம், வயது, இதயம், முன்பு நடந்த ஆபரேஷன் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். எதிலும் திரும்ப வரும் வாய்ப்பும், சிலருக்குக் கொஞ்ச நாள் இழுக்கும் வலியும் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. சின்னதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் சிலரைக் காத்திருக்கச் சொல்வதும் உண்டாம். என்னுடையது அந்தக் கணக்கில் வராது, பெரிதாகிக்கொண்டு வருகிறது என்றார்.

பெண்ணுக்குக் கல்யாணம், முடியட்டுமா என்று கேட்டேன். எப்போது என்றார். ஐந்து மாதம் இருக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டார். இந்த வாரம் செய்துகொண்டால் இரண்டு மாதத்தில் கல்யாண வேலை எல்லாம் ஓடியாடிப் பார்க்கலாமே என்றார். நியாயமான பேச்சு. என் புத்திக்கு அது ஏறவில்லை. பெண்ணின் அப்பாவுக்கு ஆபரேஷனாமே, என்னவாம், எங்கேயாம் என்று சம்பந்தி வீட்டில் பேசுவார்கள் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. உன் சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் உடனே, “அண்ணா, நீ இப்பவே ஆபரேஷன் பண்ணிண்டுடு. சிரமமா இருந்தா அன்னிக்கு மடியில உக்காத்திக்கறதை நானும் என் ஆத்துக்காரியும் பாத்துக்கறோம்,” என்றான். அவன் பாசத்தில்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. உள்ளது ஒரே பெண். திருமாங்கல்யம் ஏறும்போது நீ என் மடியில் உட்கார வேண்டும் என்று நீ பிறந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த மடியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதா என்று பிடிவாதம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அந்த டாக்டர் இருந்த திசைக்கே போகவில்லை. வீக்கம் மாட்டிக்கொண்டு உள்ளே போகாமல் நின்றுவிட்டால் அந்த நிமிஷமே வந்துவிட வேண்டும் என்று அவர் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

கல்யாணத்தன்று விடியும் முன்பே எழுந்து குளித்தேன். பெல்ட்டைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினேன். உன்னைத் தாரைவார்த்துக் கொடுக்கும் வேளையில் ரப்பரும் பட்டையுமாக ஒன்றை உடம்பில் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்வதா, அது மடி ஆசாரம் இல்லையே என்று தோன்றியது. கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். வாத்தியாரோடு வந்தவர் பஞ்சகச்சம் கட்டிவிட்டார். நல்ல பலசாலி. கச்சத்தைக் கால்களுக்கு இடையே வாங்கிப் பின்னால் இழுத்துச் செருகியபோது சரியாக அந்த இடத்தின்மேல் துணி இறுகியது. எனக்குக் கண் இருட்டியது. விரதம், வெறும் வயிறு, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன். அறைக்குள் போய்ப் பாயில் மல்லாந்து படுத்து, கச்சத்தைத் தளர்த்தி, உள்ளே தள்ளிப் பார்த்தேன். போகவில்லை. கல்லுபோல் இருந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் கிடைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். கதவைத் தட்டி, முகூர்த்தத்துக்கு நாழியாகிவிட்டது என்றார்கள். கச்சத்தை நானே மறுபடி இறுக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

நெல் மூட்டைமேல் உட்கார்ந்தேன். நீ வந்து என் மடியில் உட்கார்ந்தாய். அந்த நிமிஷத்தில் என் நிலைமை என்ன என்று உனக்கு எப்படிச் சொல்வது. எதிரே மாப்பிள்ளை, அவர் கையில் திருமாங்கல்யம். சுற்றிலும் நானூறு முகங்கள், எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு. எழுந்திருக்க முடியாது. அசைய முடியாது. உன்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லக்கூட முடியாது, மந்திரம் நடக்கிறது. நீ மெதுவாகத் தலையைத் திருப்பி, “அப்பா, நான் கனமா இருக்கேனா?” என்று கேட்டாய். ராத்திரி ஜாங்கிரியில் ஒன்றைக் குறைத்திருக்கலாம் என்றேன். நீ சிரித்தாய். நீ சிரித்துக் குலுங்கியபோது எனக்கு உயிர் போய் வந்தது. கெட்டிமேளம் கொட்டினார்கள். நல்லவேளை, என் வாயிலிருந்து வந்த சத்தம் அதில் அமுங்கிவிட்டது. என் கண்ணிலிருந்து வழிந்ததைத்தான் அந்தப் போட்டோக்காரர் எடுத்தார்.

பெரிதுபண்ணி உன் பெங்களூர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாயே, அந்தப் போட்டோ. வருகிறவர்களிடம் எல்லாம், எங்கப்பா கல்லு, அவரே அன்னிக்கு அழுதுட்டார் என்று பெருமையாகக் காட்டுகிறாய். உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன். அது வலி, வைதேகி. உன்னை அனுப்பும் துக்கமும் அதில் ஒரு ஓரத்தில் இருந்திருக்கும், ஆனால் அதை உணர என்னை என் உடம்பு விடவில்லை. வாழ்நாளெல்லாம் காத்திருந்த அந்த ஐந்து நிமிஷத்தில் நான் உன்னைப் பற்றி நினைக்கவே இல்லை. இது எப்போது முடியும் என்று மட்டும்தான் நினைத்தேன். இதை உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் மூன்று வருஷம் ஆனது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீ எழுந்ததும் நான் மண்டபத்தின் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். எனக்குப் பின்னால் நின்றிருந்த உன் சித்தப்பா என் வேர்வையைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தான். அவன் காரிலேயே திருச்சிக்குக் கொண்டுபோனான். காவிரிப் பாலத்தில் நெரிசலில் வண்டி நின்றது. எனக்கு முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ், அந்தப் பாலத்தின்மேல் ஒரு யுகம் கிடந்ததுபோல் இருந்தது. கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டே, குழந்தையிடம் சொல்லாதே என்று தம்பியிடம் சத்தியம் வாங்கினேன். மாட்டிக்கொண்ட குடலுக்கு ரத்தம் போகாமல் ஒரு சாண் நீளம் கறுத்துவிட்டிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை இணைத்தார்கள். குடல் கெட்டிருந்ததால் கிருமி பற்றிக்கொள்ளும் என்று வலை வைக்கவில்லை, வெறும் தையல்தான். இன்னும் சில மணி போயிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத இருந்திருக்க மாட்டேன். நீ கட்டுச்சாதக் கூடையோடு ரயில் ஏறியபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தேன். ஜுரம்தான் உனக்கு முக்கியமாப் போச்சு என்று மறு மாதம் நீ போனில் சொன்னாய். சரி, அவளுக்குக் கோபமே இருக்கட்டும், உண்மை தெரிந்தால் தன் கனத்தால்தான் ஆயிற்று என்று நினைத்துவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதனால் இதை அழுத்தமாக எழுதுகிறேன், இரண்டு தடவை படி. நீ உட்கார்ந்ததால் ஆகவில்லை. நீ வருவதற்கு முன்பே, பாயில் படுத்துத் தள்ளியபோதே அது மாட்டிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் முதல் வேலையாக நான் கேட்டது அதைத்தான். மேலே நான் எழுதியதுதான் அவர் சொன்ன பதில்.

பொய் ஒன்றோடு நிற்கவில்லை. ஒரு வருஷத்தில் அந்தத் தையல் விட்டு மறுபடி புடைத்தது. இந்தத் தடவை அம்மா என்னிடம் கேட்கவே இல்லை, தேதி வாங்கிவிட்டாள். சாவகாசமாகப் போய், துளை போட்டு வலை வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே வராந்தாவில் நடந்தேன், மறுநாள் வீடு. முதல் தடவைக்குப் பதினோரு நாள் ஆஸ்பத்திரி, இதற்கு ஒரு நாள். உன்னிடம் திருப்பதி போனோம் என்று சொன்னோம். நீ லட்டு கேட்டாய். அம்மா திருப்பதி போய் வந்த எதிர்வீட்டு மாமியிடம் கெஞ்சி இரண்டு லட்டு வாங்கி உனக்குப் பார்சல் அனுப்பினாள். பெருமாள் பெயரைச் சொல்லி நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதற்கு அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொடியையும் விட்டுவிட்டேன். ஒரே அடியாக விட்டுவிட்டேன் என்று சொன்னால் அம்மா கடிதத்தைப் பிடுங்கித் திருத்துவாள், அதனால் பெரும்பாலும் விட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

இனி உன் விஷயம். போனை வைத்ததும் அம்மாவிடம் சத்தம் போட்டேன். “உங்களுக்கு வந்தது வேற. இது பிள்ளை பெத்த வயிறு,” என்றாள். இடம்தான் வேறு, சமாசாரம் ஒன்றேதான் என்று சொன்னதும் கீரையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிரசவத்துக்குப் பிறகு நடுவயிற்றுத் தசைகள் விலகியிருப்பதும் உண்டாம், அது குடலிறக்கம் ஆகாது, பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகுமாம். தொப்புள் பக்கம் உண்மையாகவே ஓட்டை இருப்பதும் உண்டாம். எது என்று தொட்டுப் பார்த்தும் ஸ்கேன் எடுத்தும் டாக்டர்தான் சொல்ல முடியும். இரண்டாவது குழந்தை உண்டா, எப்போது என்பதையும் கேட்டுத்தான் சிகிச்சையைத் தீர்மானிப்பார்களாம், அதனால் கூச்சப்படாமல் சொல். காத்திருக்கலாம் என்று அவர் சொன்னால் காத்திரு. ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும். நீயோ நானோ உன் மாமியாரோ சொல்லக்கூடாது. அரை மணி நேரம் உள்ளே போகாமல் வலித்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல். மறுபடி அப்படி ஆனால், அது கெட்டியாகி வலித்தால், வாந்தி வந்தால், நிறம் மாறினால், தள்ளிப் பார்த்துக்கொண்டு படுக்காதே. யார் எந்த மணையில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போ. அம்மா சொல்லிக் கட்டியிருந்தால், அந்தத் துணிக் கட்டை இன்றைக்கே அவிழ்த்துவிடு. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் கொடு, அவர் அம்மாவிடமும் கொடு. நம் வீட்டு ரகசியம் என்று மடித்து வைக்காதே, மடித்து வைத்ததன் பலனைத்தான் இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஆண்டு நிறைவைப் பற்றி உனக்குக் கோபம் வரும்படி ஒன்று செய்துவிட்டேன். நேற்று வாத்தியாரிடம் போய், இந்த மாதம் மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குழந்தையின் நட்சத்திரத்தன்று உன் வீட்டிலேயே சின்னதாக ஒரு ஹோமம் செய்துகொள்ளலாம், ஊரைக் கூட்டிக் காது குத்துவதைப் பிறகு ஒரு நல்ல நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று அவரே வழி சொன்னார். உன் மாமியாரிடமும் நானே போனில் பேசிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. மூன்று வருஷம் முன்பு யாருக்குப் பயந்தேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால் காது குத்தும்போது கேசவனுக்கு மாமா மடி என் மடிதான் என்று நீ போன மாதமே சொல்லியிருந்தாய். அன்றிலிருந்து நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மண்டபம் வேண்டாம் என்று சொல்ல என் வாய் எவ்வளவு தயங்கியது என்பது வாத்தியாருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இருவரும் அங்கே இருப்போம். டாக்டரிடம் நீ போகும்போது அம்மா கூட வருவாள். ஆபரேஷன் என்று சொன்னால் அதற்குப் பிறகு கொஞ்ச வாரம் நீ குழந்தையைத் தூக்கக்கூடாது என்பார்கள். நான் தூக்குகிறேன். குளிப்பாட்டப் பயம், மற்றதெல்லாம் செய்வேன். எவ்வளவு நாள் ஆனாலும் இருக்கிறேன். நீ நன்றாக ஆன பிறகு, அது தையானாலும் சித்திரையானாலும், இங்கே ஸ்ரீரங்கத்தில் கேசவனை என் மடியில் வைத்துக் காது குத்துவோம். அதற்குள் அவன் இன்னும் இரண்டு கிலோ ஏறியிருப்பான், ஏறட்டும். நீ எதிரே வெறுங்கையோடு உட்கார்ந்து பார்த்தால் போதும். அன்று எடுக்கும் போட்டோவில் நான் அழுதிருந்தால் அதைப் பெரிதுபண்ணி அந்தச் சுவரில் மாட்டு, அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து நான் காபி குடிக்கிறேன்.

உன் அப்பா